ஆரஞ்சுக் கிண்ணமும் ஆறாத மனமும்

கிண்ணம் என்றால் நமக்கு அடுக்களைதான் ஞாபகத்துக்கு வரும். பாயசக் கிண்ணம், நெய்க் கிண்ணம், குழந்தைக்குப் பருப்புச் சாதம் பிசையும் வெள்ளிக் கிண்ணம். ஆனால் அமெரிக்காவில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிண்ணம் என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. ரோஜாக் கிண்ணம், ஆரஞ்சுக் கிண்ணம், சர்க்கரைக் கிண்ணம், பருத்திக் கிண்ணம் என்று ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. எதிலும் பாயசம் ஊற்ற முடியாது. அத்தனையும் சர்வகலாசாலை மாணவர்களின் கால்பந்துப் பந்தயங்கள்!

கால்பந்து என்றவுடன் காலால் உதைப்பது என்று எண்ணிவிடாதீர்கள். மட்டை உரித்த தேங்காய் போல இரு முனையும் குவிந்த ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், பந்து வைத்திருப்பவனைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதும்தான் அந்த ஊர்க் கால்பந்து. காலுக்கு வேலை சொற்பம். பெயர் வைத்தவர்களை இனிமேல் யார் போய்க் கேட்பது?

நான் சொல்ல வந்தது விளையாட்டைப் பற்றிக்கூட அல்ல. ஒரு மனத்தாங்கலைப் பற்றி. ஆட்டத்தில் தோற்றால் வருத்தப்படலாம். அழக்கூட அழலாம். மறுநாள் எழுந்து காபி போட வேண்டியதுதான். ஆனால் ஆடிய ஆட்டம் அத்தனையிலும் ஜயித்துவிட்டு, "உங்களுக்கு இடமில்லை" என்று சொல்லக் கேட்டால் எப்படி இருக்கும்? 2023-ஆம் வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிளாரிடா மாகாணத்தில் பல ஆயிரம் வீடுகளில் அது நடந்தது.

மாகாணத்தின் தலைநகரான டாலஹாஸியில் ஒரு வீட்டுத் தலைவியாக உங்களைக் கொஞ்ச நேரம் பாவித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பிளாரிடா ஸ்டேட் என்ற சர்வகலாசாலை இருக்கிறது. அதைப் பற்றி ஒரு விசேஷம் கேளுங்கள்: 1947 வரையில் அது பெண்கள் கல்லூரி! உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்குப் படிக்க இடம் போதாமல் போகவே, ஆண்களையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஆண்கள் வந்த சுருக்கில் கால்பந்தும் வந்தது. அந்த முதல் வருஷம் ஐந்து ஆட்டம் ஆடினார்கள், ஐந்திலும் தோல்வி. அப்படிப் பிறந்த அணிதான் 1993-லும், 1999-லும், 2013-லும் தேசத்துக்கே முதலாவதாக வந்தது.

உங்கள் பாட்டி அங்கே பெண்கள் கல்லூரி நாட்களில் படித்தவள். நீங்களும் அங்கே படித்தீர்கள். இப்போது உங்கள் பிள்ளை படிக்கிறான். சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் வீட்டில் அடுப்பு எரியாது. மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தி, அங்கேயே கரி அடுப்பை மூட்டி, அக்கம்பக்கத்தாரோடு சாப்பாடு. குழந்தை முதல் கிழவர் வரை கருஞ்சிவப்பும் பொன்னிறமுமாக உடை. ஆட்டம் தொடங்குமுன் குதிரைமேல் ஒரு வீரன் பாய்ந்து வந்து, எரிகிற ஈட்டியை மைதானத்தின் நடுவே குத்துவான். எண்பதாயிரம் பேர் கூவுவார்கள். நீங்களும் கூவுவீர்கள், தொண்டை கட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவீர்கள்.

2023 உங்களுக்குப் பொன்னான வருஷம். செப்டம்பர் 3-ஆம் தேதி லூயிஸியானா ஸ்டேட் அணியை 45-24 என்று சாய்த்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி கிளெம்ஸனுக்கே போய், ஆட்டம் சமமாக முடிந்து கூடுதல் நேரம் ஆடி, 31-24 என்று ஜயித்தார்கள். இதற்கெல்லாம் சூத்திரதாரி ஜோர்டன் டிராவிஸ் என்ற வாலிபன். அவன் அணியின் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு ஆட்டத் திருப்பத்திலும் பந்து முதலில் வருவது அவன் கைக்குத்தான். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது, தானே ஓடுவதா என்பதெல்லாம் அவன் கண நேரத்தில் செய்யும் முடிவு. ஒரு கல்யாண வீட்டில் எல்லாச் சாவியும் யார் இடுப்பில் இருக்குமோ அந்த அம்மாளின் ஸ்தானம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நவம்பர் 18-ஆம் தேதி வட அலபாமா அணியோடு ஒரு சாதாரண ஆட்டம். ஜயத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லாத ஆட்டம். அதில் டிராவிஸின் கால் கீழே மடிந்து பலத்த காயம். வண்டியில் ஏற்றி மைதானத்தை விட்டுக் கொண்டு போனார்கள். அவனுக்கு அந்த வருஷம் அத்தோடு முடிந்தது.

அடுத்த வாரம் பரம வைரிகளான பிளாரிடா சர்வகலாசாலையுடன் ஆட்டம். மாற்று ஆட்டக்காரன் இறங்கினான். 24-15 என்று ஜயம். ஆனால் அந்த மாற்று ஆட்டக்காரனுக்கும் தலையில் அடி! டிசம்பர் 2-ஆம் தேதி கூட்டமைப்பின் இறுதிப் பந்தயத்தில் லூயிவில் அணியை எதிர்க்க, கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் ஒரு சின்னப் பையனைத்தான் அனுப்ப முடிந்தது. பையன் தடுமாறினான், உண்மைதான். ஆனால் தற்காப்பு ஆட்டக்காரர்கள் மலை மாதிரி நின்றார்கள். லூயிவிலுக்கு ஆறு பாயிண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. 16-6. பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்று ஜயம், கூட்டமைப்பின் சாம்பியன்.

மறுநாள் மத்தியானம் டெலிவிஷன் முன்னால் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. தேசத்தின் சிறந்த நாலு அணிகளின் பெயரை அறிவிக்கப் போகிறார்கள். மிச்சிகன். வாஷிங்டன். டெக்ஸாஸ். நாலாவதாக... அலபாமா.

ஐந்தாவது இடம்தான் உங்களுக்கு. ஐந்தாவது என்றால் கோப்பைக்கான போட்டியில் இடமில்லை; ஆறுதலுக்கு ஆரஞ்சுக் கிண்ணம். அணியின் வாலிபர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் வாடிப் போனதையும் டெலிவிஷனில் காட்டினார்கள்.

"இதென்ன, ஜயித்தவனை விட்டுவிட்டு யாரோ தேர்ந்தெடுப்பதாவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இதற்குக் கொஞ்சம் பழங்கதை தேவை.

கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊர்க்காரர்கள் புத்தாண்டு தினத்தில் ரோஜாப்பூ ஊர்வலம் நடத்தி வந்தார்கள். கிழக்கே ஜனங்கள் பனியில் விறைத்துக் கிடக்கும்போது எங்கள் ஊரில் ரோஜா பூக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைக்கும் தந்திரம்தான். 1902-இல் ஊர்வலத்தோடு ஒரு கால்பந்து ஆட்டமும் வைத்தார்கள். மிச்சிகன் அணி, ஸ்டான்போர்டு அணியை 49-0 என்று துவைத்து எடுத்துவிட்டது. அடுத்த ஆட்டம் வைக்கத் துணிவு வருவதற்கு 1916 ஆயிற்று. பிறகு கிண்ணத்தைப் போல வட்டமாக மைதானம் கட்டி, ரோஜாக் கிண்ணம் என்று பெயரிட்டார்கள். இதைப் பார்த்து மயாமிக்காரர்கள் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் சர்க்கரை, டல்லஸ்காரர்கள் பருத்தி. யாரை அழைப்பது என்பது அழைக்கிற வீட்டாரின் இஷ்டம். நன்றாக ஆடுகிற அணியா என்று பார்ப்பார்கள். ஊரோடு கிளம்பி வந்து ஹோட்டல் அறைகளை நிரப்பும் ரசிகர்கள் உள்ள அணியா என்றும் பார்ப்பார்கள்.

இப்போது கம்பெனிகள் பணம் கொடுத்துப் பெயர் சூட்டுவதால் கிண்ணங்களின் பெயரும் மாறிவிட்டது. சார்லட் நகரத்தில் மயோனைஸ் கிண்ணம் ஒன்று உண்டு. ஜயித்த அணியின் பயிற்சியாளர் தலையில் வாளி நிறைய மயோனைஸைக் கொட்டுகிறார்கள். அவர் வீட்டு அம்மாள் அந்தச் சட்டையை எப்படித் துவைக்கிறாளோ! இன்னொன்று பாப் டார்ட்ஸ் என்ற தின்பண்டத்தின் கிண்ணம். 2023-இல் ஆள் உயரத் தின்பண்டப் பொம்மை ஒன்றைப் பிரம்மாண்டமான டோஸ்டருக்குள் இறக்கி, வெந்து வெளியே வந்ததை ஜயித்தவர்கள் பிய்த்துத் தின்றார்கள். நான் கதை அளக்கவில்லை.

போகட்டும், விஷயத்துக்கு வருவோம். மேல் வகுப்பில் மட்டும் நூற்றுமுப்பதுக்கும் அதிகமான அணிகள். ஓர் அணி வருஷத்தில் ஆடுவதோ பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. ஆகவே முதலாவது யார் என்பதை வெகு காலம் பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டே சொல்லி வந்தார்கள். 1969-இல் டெக்ஸாஸ் அணி ஆர்கன்ஸாவை 15-14 என்று ஒரே ஒரு பாயிண்டில் வென்றபோது, ஆட்டம் பார்க்க வந்திருந்த ஜனாதிபதி நிக்ஸனே நீங்கள்தான் முதலாவது என்று கேடயத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதே வருஷம் ஒரு ஆட்டத்திலும் தோற்காத பென் ஸ்டேட் அணி பார்த்துக்கொண்டு நின்றது. 2004-இல் ஆபர்ன் அணி பதின்மூன்று ஆட்டமும் ஜயித்தது. கணிப்பொறியும் ஓட்டுமாகச் சேர்ந்து இறுதிப் பந்தயத்துக்கு வேறு இருவரை அனுப்பிவிட்டன. 2017-இல் மத்திய பிளாரிடா அணிக்கும் அதே கதி. அவர்கள் கொஞ்சம் ரோஷக்காரர்கள். நாங்கள்தான் தேசிய சாம்பியன் என்று தாங்களே அறிவித்து, டிஸ்னி உலகத்தில் ஊர்வலமும் நடத்திக்கொண்டார்கள்.

2014 வருஷத்து ஆட்டங்களிலிருந்து பதின்மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி நாலு அணிகளைப் பொறுக்கி எடுத்து வந்தது. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு ஹோட்டலில் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு விவாதிப்பார்கள். தன் சர்வகலாசாலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த அங்கத்தினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பெரிய கூட்டமைப்பு ஒன்றில் தோல்வியே காணாத சாம்பியனை அந்தக் கமிட்டி அதுவரை ஒரு தடவைகூட வெளியே நிறுத்தியதில்லை. பிளாரிடா ஸ்டேட்தான் முதல் பலி.

டிசம்பர் 2-ஆம் தேதி அலபாமா செய்த காரியம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. தொடர்ந்து இருபத்தொன்பது ஆட்டம் ஜயித்து முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை அது 27-24 என்று வீழ்த்திவிட்டது. அலபாமாவை உள்ளே விட வேண்டும் என்றால், செப்டம்பரில் அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே 34-24 என்று தோற்கடித்த டெக்ஸாஸை அதற்கு மேலே உட்கார வைக்காமல் முடியுமா? பந்தியில் மாப்பிள்ளைக்கு இலை போட்டுவிட்டுச் சம்பந்தியை நிற்க வைக்க முடியாதல்லவா! மிச்சிகனும் வாஷிங்டனும் தோல்வியே அறியாதவை. ஆக நாலு இலையும் நிரம்பிவிட்டது.

ரசிகர்களின் ஆத்திரம் இங்கேதான். அலபாமா ஓர் ஆட்டம் தோற்ற அணி. அதுவும் போகட்டும், நவம்பர் 25-ஆம் தேதி ஆபர்னிடம் இன்னொன்றும் தோற்க இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை, கடைசி முயற்சி, கடக்க வேண்டியது 31 கஜம். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது போல் எறிந்த பந்து மூலையில் நின்றவன் கையில் விழுந்து 27-24 என்று தப்பித்தார்கள். அந்த ஆபர்ன், முந்தின வாரம்தான் நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டிடம் 31-10 என்று உதை வாங்கியிருந்தது. "இவர்களா எங்களை விடச் சிறந்தவர்கள்?" என்று டாலஹாஸியில் கேட்டார்கள். நீங்களாக இருந்தாலும் கேட்பீர்கள்.

கமிட்டித் தலைவர் சொன்ன சமாதானத்தின் சாரம் இதுதான்: டிராவிஸ் ஆடிய பிளாரிடா ஸ்டேட் வேறு, டிராவிஸ் இல்லாத பிளாரிடா ஸ்டேட் வேறு. பயிற்சியாளர் மைக் நார்வெல் அருவருப்பும் கோபமும் கொண்டதாக வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்.

பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் முதல் மார்க் வாங்கிய பெண்ணைக் கூப்பிட்டு, "உனக்குக் கை ஒடிந்திருக்கிறது, இனிமேல் எப்படி எழுதுவாயோ" என்று பரிசை மறுத்தால் நாம் பொறுப்போமா? நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கமிட்டியின் பக்கத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது. நாங்கள் கொடுப்பது முடிந்த பரீட்சைக்குப் பரிசு அல்ல, அடுத்த பரீட்சைக்கு அனுமதிச் சீட்டு என்பார்கள் அவர்கள். முக்கிய ஆட்டக்காரர்கள் ஆட முடியாமற் போனால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்களுடைய விதியிலேயே இருந்தது. ஆனால் அதே விதியில், சாம்பியன் பட்டம் பெற்றதைப் பார், யார் யாரை வென்றார்கள் என்பதைப் பார் என்றும் இருந்தது. பரிசா, அனுமதிச் சீட்டா என்று யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. பட்டம் ஜயித்தபோது பரிசு என்று நம்பி ஆடினார்கள். முடிவு சொல்லும்போது அனுமதிச் சீட்டு என்றார்கள். இதுதான் அக்கிரமம் என்று எனக்குத் தோன்றுகிறது. டெலிவிஷன் கம்பெனியின் சூழ்ச்சி, தெற்கத்திக் கூட்டமைப்பின் செல்வாக்கு என்றெல்லாம் ரசிகர்கள் பேசிக்கொண்டதற்கு ருசு எதுவும் வெளிவரவில்லை. நான் அந்தப் பேச்சில் சேர மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் வருஷம் பிளாரிடா ஸ்டேட்டும் மயாமியும் ஆளுக்கு ஓர் ஆட்டம் தோற்றிருந்தன. பிளாரிடா ஸ்டேட் தோற்றது சாட்சாத் அந்த மயாமியிடமே, 27-24. ஆனால் கணிப்பொறிக் கணக்கில் இறுதிப் பந்தயத்துக்கு அழைப்பு வந்தது பிளாரிடா ஸ்டேட்டுக்கு! அன்று டாலஹாஸியில் எத்தனை பேர் நியாயம் பேசினார்களோ. பண்டம் நம் தட்டில் விழுந்தால் நாம் தராசைப் பார்ப்பதில்லையே. போய் ஆடியதில் ஓக்லஹோமாவிடம் 13-2 என்று தோற்றார்கள்.

எல்லாவற்றையும் விட என் மனசைத் தொட்டது அந்தப் பிள்ளை டிராவிஸ் எழுதிய நாலு வரிதான். தன் கால் இன்னும் முன்னதாகவே, பருவத்தின் ஆரம்பத்திலேயே ஒடிந்திருக்கக் கூடாதா என்று அவன் ஏங்கினான். அப்படி ஒடிந்திருந்தால், தான் இல்லாமலும் இந்த அணி எவ்வளவு பெரிய அணி என்பதை எல்லாரும் கண்டிருப்பார்கள் என்றான். எந்தத் தாயாவது இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? ஆட்டத்தில் காயம் பட்டவன் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு நிலைமையை உண்டாக்கிவிட்டார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரியவர்கள் கோபத்தை வேறு விதமாகக் காட்டினார்கள். மாகாண கவர்னர், வழக்குச் செலவுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கலாம் என்றார். அட்டர்னி ஜெனரல் கமிட்டியின் காகிதங்களைக் காட்டச் சொல்லி உத்தரவு அனுப்பினார். டிசம்பர் 22-ஆம் தேதி சர்வகலாசாலை தன் சொந்தக் கூட்டமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தது. இந்தக் கூட்டமைப்பில் இருப்பதால்தானே நமக்கு மதிப்பில்லை, வெளியேறலாம் என்றால் அபராதமோ கோடிக்கணக்கில் என்பது அவர்கள் கட்சி. 2025 மார்ச்சில்தான் ராஜியாயிற்று.

இதற்கு நடுவில் ஆரஞ்சுக் கிண்ணம் இருக்கிறதே, அது டிசம்பர் 30-ஆம் தேதி மயாமிப் பக்கத்தில். எதிரி ஜார்ஜியா, அலபாமாவிடம் தோற்றதால் அவர்களுக்கும் இடம் பறிபோயிருந்தது. டாலஹாஸியிலிருந்து மயாமி ஏறக்குறைய 480 மைல். அரையிறுதி நடந்த நியூ ஆர்லியன்ஸ் அதைவிடப் பக்கம்! டிக்கெட், பெட்ரோல், ஹோட்டல் எல்லாம் செலவழித்து, வேண்டாத கிண்ணத்துக்குப் போவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் தர்க்கம் நடந்திருக்கும். ஆட்டக்காரர்களிடமும் அதே மனநிலைதான். காயம் என்றும், வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்றும், தொழில்முறை ஆட்டத்துக்குக் காலைக் கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கவில்லை. மிச்சம் இருந்த பையன்களை அனுப்பினார்கள். ஜார்ஜியா 63, பிளாரிடா ஸ்டேட் 3.

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே!" என்று ஒரு சாரார் கைகொட்டினார்கள். பிளாரிடா ஸ்டேட் ரசிகர்களோடு பேச நேர்ந்தால் மட்டும் இந்த வாக்கியத்தைத் தயவு செய்து சொல்லிவிடாதீர்கள். வீட்டை இடித்துவிட்டு, கூரை ஒழுகுகிறதே என்று கேட்பது மாதிரி அவர்களுக்குப் படும். அந்தப் பக்கம் அலபாமாவும் புத்தாண்டு தினத்தில் ரோஜாக் கிண்ணத்தில் மிச்சிகனிடம் 27-20 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. மிச்சிகனே பட்டத்தையும் கொண்டுபோயிற்று.

2024 பருவத்திலிருந்து நாலு என்பதைப் பன்னிரண்டாக்கினார்கள். முன்னாலேயே ஆக்கியிருந்தால் பிளாரிடா ஸ்டேட் சிரமமில்லாமல் உள்ளே போயிருக்கும். வாசல் அகன்ற வருஷம் அவர்கள் ஆடியதோ, இரண்டு ஜயம், பத்துத் தோல்வி!

பன்னிரண்டு இலை போட்டாலாவது பந்தியில் சண்டை ஓய்ந்ததா? 2025 டிசம்பர் 7-ஆம் தேதி நோத்ர தாம் அணி வெளியே நின்றது. பத்து ஜயம், இரண்டு தோல்வி. வாரக் கணக்காக மயாமிக்கு மேலேயே இருந்துவிட்டு, கடைசி நாளில் இருவருமே ஆடாத வாரத்தில் மயாமி மேலே ஏறிவிட்டது. ஆகஸ்டு மாதம் மயாமி அவர்களை 27-24 என்று வென்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலும். ஆறுதலுக்கு அவர்களுக்கு அமைந்தது, நான் முன்பு சொன்னேனே, டோஸ்டர் வைத்த அந்தத் தின்பண்டக் கிண்ணம். எங்களுக்கு எந்தக் கிண்ணமும் வேண்டாம் என்று நோத்ர தாம் வீட்டிலேயே இருந்துவிட்டது.